தூதர் கையில் இருக்கும் காகிதம்: சயாமும் அமெரிக்காவும்

1833 மார்ச் 20 அன்று பாங்காக்கில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆசிய நாடு ஒன்றுடன் அமெரிக்கா செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சயாமியருக்கு ஆங்கிலம் தெரியாது, அமெரிக்கருக்குச் சயாம் மொழி தெரியாது. ஆகவே என்ன ஒப்புக்கொண்டோம் என்பதற்குச் சாட்சியாகப் போர்த்துகீசிய மொழியிலும் சீன மொழியிலும் மொழிபெயர்ப்புகளை இணைத்திருக்கிறோம் என்கிறது அந்தப் பகுதி.

ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. இருந்தும் நிரந்தர நட்பு என்று இரு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. ராஜதந்திரம் என்றதும் நமக்கு விருந்தும் கைகுலுக்கலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு அடியில் ஒரு நடைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தியை யார் கொண்டுபோகிறார், யார் பெயரில், எந்த மொழியில், யாரிடம் ஒப்படைக்கிறார், ஊர் திரும்பியதும் யார் ஏற்கிறார் என்று அடுத்தடுத்துப் பல படிகள். ஒரு படி தவறினாலும் காகிதத்துக்கு உயிர் கிடையாது. சயாமுக்கும் (1939-இல்தான் அது தாய்லாந்து ஆனது) அமெரிக்காவுக்கும் நடுவே நடந்ததைப் பார்த்தால் இந்தப் படிகள் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று தெளிவாகத் தெரியும்.

முதல் படி, ஆள். 1832-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தேர்ந்தெடுத்தவர் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற நியூ ஹாம்ப்ஷயர் வணிகர். பீகாக் என்ற போர்க்கப்பலில் அவரை ஏற்றிவிட்டார்கள். போகிற நோக்கம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கப்பல் தலைவரின் எழுத்தர் என்று பதிந்துகொண்டார்கள். தூதருக்கு உயிர்நாடி நற்சான்றுக் கடிதம். ‘இவர் பேசுவது நான் பேசுவது போல, நம்புங்கள்’ என்று ஓர் அரசின் தலைவர் இன்னோர் அரசின் தலைவருக்கு எழுதுவது. அது இல்லாவிட்டால் தூதர் வெறும் பயணிதான்.

கடிதம் இருந்தாலும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிவிடாது. சயாமுக்கு முன்னால் ராபர்ட்ஸ் வியட்நாமின் பூ யென் கரையில் இறங்கினார். அங்கே அதிகாரிகள் அவருடைய பட்டங்கள் என்ன என்று கேட்டார்கள். குடியரசின் தூதருக்குப் பட்டம் ஏது? தன் மாநிலத்தின் மாவட்டப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டம்போலச் சொல்லத் தொடங்கினார். எழுதிக்கொண்டவருக்கு ஒரு பக்கம் நிறைந்துபோனது, பட்டியல் முடியவில்லை. அதனாலும் பலன் இல்லை. பேரரசருக்கு எந்த வடிவில், எவ்வளவு பணிவோடு கடிதம் எழுதுவது என்ற பிரச்சினையிலேயே எல்லாம் நின்றுபோய், வந்த வழியே கிளம்பினார்.

பாங்காக்கில் அரசர் மூன்றாம் ராமாவின் ஆட்கள் வேறு மாதிரி. சாவோ பிரயா ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு குறுக்கே கிடப்பதால் பெரிய கப்பல் உள்ளே போக முடியாது. பீகாக் கடலிலேயே நங்கூரம் போட்டது, தூதர் படகில் போனார். ஒரு மாத அளவில் பேச்சு முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு முக்கியக் காரணம், மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1826-இல் ஆங்கிலேயர் சார்பில் ஹென்றி பர்னி செய்துவிட்டுப் போன ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தங்களில் என்னை வெகுவாகக் கவர்ந்தது வரி விதிக்கும் முறை. சரக்கைத் திறந்து பார்ப்பதில்லை, விலை கேட்பதில்லை. கப்பலின் நீளத்தில் பாதி தூரம் போய், அங்கே அதன் அகலத்தை அளக்க வேண்டும். ஒரே தளம் உள்ள கப்பல் என்றால் அந்தத் தளத்தில். பல தளம் இருந்தால் கீழ்த்தளத்தில். அளவு ‘வா’ என்ற சயாம் அலகில். ஒரு வா 78 அங்குலம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. சரக்கு கொண்டுவந்து விற்கும் கப்பல் ஒவ்வொரு வாவுக்கும் 1,700 பாட் கட்ட வேண்டும். காலிக் கப்பலோடு வந்து பணம் கொடுத்துச் சரக்கு வாங்கிப் போனால் 1,500 பாட். வேறு எந்த வரியும் கிடையாது.

26 அடி அகலமுள்ள கப்பலை எடுத்துக்கொள்வோம். அது 312 அங்குலம், அதாவது சரியாக 4 வா. விற்க வந்திருந்தால் 6,800 பாட். அந்தக் காலத்துப் பாட் என்பது ஏறக்குறைய 15 கிராம் வெள்ளி. ஆக ஒரு முறை வந்து போக சுமார் 102 கிலோ வெள்ளி!

இதைப் பழைய காலத்து முரட்டு வரி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுமொழி இல்லாத இருவருக்கு நடுவே பெட்டியில் இருக்கும் துணியின் விலை என்ன என்று வாதாடினால் நாள் போகும், லஞ்சமும் நுழையும். கயிற்றைக் குறுக்கே பிடித்து அளப்பதற்கு மொழிபெயர்ப்பாளரே வேண்டாம். ஒருவரையொருவர் நம்ப வேண்டிய தேவையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருக்கிறார்கள்.

குறையும் இருந்தது, அது வடிவக் கணக்கில் இருந்தது. ஒரே வடிவத்தில் ஒரு கப்பலை இரண்டு மடங்கு அகலமாகக் கட்டினால் நீளமும் ஆழமும் இரண்டு மடங்காகும். அப்போது உள்ளே கொள்ளும் சரக்கு எட்டு மடங்கு. வரி மட்டும் இரண்டு மடங்கு. டன் கணக்கில் பார்த்தால் பெரிய கப்பல் சிறிய கப்பல் கட்டுவதில் கால்பங்குதான் கட்டுகிறது. சின்ன வியாபாரிக்கு அடி. அதோடு, அரைவாசி காலியாக வந்தாலும் அதே தொகை.

இன்னொரு பிரிவையும் சொல்ல வேண்டும். பாங்காக்கில் அமெரிக்கத் துணைத்தூதர் தங்க அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் போர்த்துகீசியரைத் தவிர வேறு எந்த நாட்டுக்காவது அந்த அனுமதி எப்போது கிடைத்தாலும், அமெரிக்காவுக்கும் அது உண்டு என்று எழுதிக்கொண்டார்கள். எவருக்குக் கொடுத்தாலும் எனக்கும் கொடு என்கிற இந்த ஏற்பாடுதான் பிற்பாடு சயாமைப் பல பத்தாண்டுகள் கட்டிப்போட்டது. அதற்கு அப்புறம் வருவோம்.

கையெழுத்தானதும் ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிடுமா? வராது. தூதர் போடும் கையெழுத்து ஒரு வாக்குறுதிதான். அமெரிக்க அரசியல் சட்டப்படி செனட் சம்மதிக்க வேண்டும், ஜனாதிபதி ஏற்க வேண்டும், ஏற்ற பிரதியை மறுபடி பாங்காக்குக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் இதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1836 ஏப்ரலில் ராபர்ட்ஸ் அதே பீகாக்கில் திரும்பி வந்து பிரதிகளை மாற்றிக்கொண்டார். இரண்டு மாதத்தில் சீனக் கரையில் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவு நகரில் நோயில் இறந்துபோனார். தான் உருவாக்கிய ஒப்பந்தம் 1837-இல் அமெரிக்காவில் முறைப்படி அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை.

அந்த இரண்டாம் பயணத்தில் அவர் கொண்டுபோன பரிசுகளில் யானையும் கழுகும் பொறித்த வாள் ஒன்று, அமெரிக்க நாணயங்களின் முழுத் தொகுப்பு ஒன்று. நாணயத் தொகுப்புக்கு ஒரு கதை உண்டு. முழுத் தொகுப்பு என்றால் வெள்ளி டாலரும் இருக்க வேண்டும். ஆனால் வெள்ளி டாலர் அச்சடிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. நாணயச்சாலைப் பதிவேட்டில் கடைசியாக 1804 என்று இருந்ததால், 1834-இல் புதிதாக அச்சடித்து அதில் 1804 என்று பொறித்தார்கள். உண்மையில் 1804-இல் வெளியான டாலர்களில் பழைய ஆண்டுதான் இருந்தது. அதாவது 1804 என்று பொறித்த டாலர் அதற்கு முன் இருந்ததே இல்லை. சயாம் அரசருக்குப் போன அந்தத் தொகுப்பு 2005-இல் 85 லட்சம் டாலருக்கு விலைபோனது.

அடுத்து 1850-இல் வந்த ஜோசப் பலஸ்டியரால் பாங்காக்கில் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1855-இல் ஆங்கிலேயரின் ஜான் பௌரிங் புதிய ஒப்பந்தம் செய்தார். 1856 மே மாதம் டவுன்சென்ட் ஹாரிஸ் ஏறக்குறைய அதே வடிவில் அமெரிக்காவுக்கும் வாங்கிக்கொண்டார். அகல வரி போய், இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் 3 சதவீதம் என்று வந்தது. துணைத்தூதரும் வந்தார்: ஸ்டீபன் மாட்டூன், சயாம் மொழி அறிந்த ஒரு மதபோதகர்.

மறுபக்கமும் இதற்குள் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டது. அரசர் மோங்குட் துறவியாக இருந்த காலத்திலேயே அமெரிக்க மதபோதகர்களிடம் ஆங்கிலம் படித்தவர். 1861 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க ஜனாதிபதிக்கு அவரே ஆங்கிலத்தில் எழுதினார். அமெரிக்காவில் யானை இல்லை என்று கேள்விப்பட்டேன், ஒட்டகம் கொண்டுவந்து பழக்குகிறீர்களாம். ஜோடி ஜோடியாக இளம் யானைகளைத் தருகிறேன், காட்டில் விட்டுப் பெருக்குங்கள், பிறகு பிடித்துப் பழக்கிச் சுமை தூக்க வையுங்கள் என்பது அதன் சாரம். வழியில் தண்ணீருக்கும் வைக்கோலுக்கும் வசதியுள்ள கப்பலாக அனுப்பச் சொல்கிறார்.

உள்நாட்டுப் போரில் சண்டையிட லிங்கனுக்கு யானைப்படை தர முன்வந்தார் என்று இதை இன்றும் எழுதுகிறார்கள். தவறு. கடிதம் எழுதிய தேதியில் போரும் தொடங்கவில்லை, லிங்கன் பதவியும் ஏற்கவில்லை. லிங்கனுக்கு முந்தைய ஜனாதிபதி புகானனின் காலத்தில் எழுதிய கடிதம் அது. மோங்குட் விளையாட்டாக எழுதியவரும் அல்ல. 1868 சூரிய கிரகணத்தைத் தானே கணக்கிட்டுச் சொன்ன மனிதர். பாதை போடாத காட்டில் பாரம் இழுக்க அவருக்குத் தெரிந்த மிகச் சிறந்த தொழில்நுட்பம் யானை. அதைத்தான் தர முன்வந்தார்.

லிங்கனின் பதில் 1862 பிப்ரவரி 3 தேதியிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம்! யானை பெருகும் அளவுக்கு எங்கள் நாடு தெற்கே நீளவில்லை, நிலத்திலும் நீரிலும் எங்களுக்குச் சுமை இழுப்பது நீராவிதான் என்று மரியாதையாக மறுத்தார். கூடவே வந்த வாளையும் யானைத் தந்தங்களையும் தனக்கென வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது, அரசுக் காப்பகத்தில் வைக்கிறோம் என்றும் எழுதினார். பரிசு வந்தது ஜனாதிபதி என்ற பதவிக்கு. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது பொருட்டல்ல. எழுதியபோது இருந்தவர் போய் இன்னொருவர் வந்த பிறகும் கடிதப் போக்குவரத்து அறுபடாமல் நடந்தது அதனால்தான்.

சரி, அந்த ‘எனக்கும் கொடு’ பிரிவுக்கு வருவோம். 1856 ஒப்பந்தப்படி சயாமில் ஓர் அமெரிக்கர் குற்றம் செய்தால் விசாரிப்பது சயாம் நீதிமன்றம் அல்ல, அமெரிக்கத் துணைத்தூதர். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் இதே சலுகை. வரியை 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் சயாமால் முடியாது. ஒவ்வொரு நாட்டின் சலுகையும் அடுத்த நாட்டின் சலுகையோடு பின்னிக் கிடந்ததால் ஒருவர் விட்டுக்கொடுத்தும் பயன் இல்லை. எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும். முதலில் இறங்கிவந்தது அமெரிக்கா, 1920 டிசம்பரில். அதிலும் நிபந்தனை இருந்தது: மற்ற நாடுகளும் பதிலுக்கு எதுவும் கேட்காமல் சம்மதித்தால்தான் சயாம் தன் விருப்பப்படி வரி போடலாம்.

ஆகவே ஐரோப்பியத் தலைநகர் ஒவ்வொன்றாகப் போய்ப் பேசி வர ஓர் ஆள் தேவைப்பட்டார். சயாம் தேர்ந்தெடுத்தது ஓர் அமெரிக்கரை! ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் பிரான்சிஸ் சேயர்; முன்னாள் ஜனாதிபதி உட்ரோ வில்சனின் மருமகன். சயாமின் வெளியுறவு ஆலோசகராக இருந்த அவர் 1924-25-இல் பிரான்சு, பிரிட்டன் என்று பல நாடுகளோடு பேசி ஒப்பந்தங்களை மாற்றி எழுத வைத்தார். தூதர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதல்ல, யார் கொடுத்த நற்சான்று கையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கடைசியாக, ஒப்படைத்தல். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை தாய்லாந்தில் இறங்கியது. பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசு ஜப்பானோடு கூட்டு சேர்ந்து, 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. வாஷிங்டனில் தாய்லாந்தின் பிரதிநிதி சேனி பிரமோஜ், சட்டம் படித்தவர். போர்ப் பிரகடனத்தை அமெரிக்க அரசிடம் ஒப்படைக்க அவர் மறுத்துவிட்டார். இது என் மக்களின் விருப்பம் அல்ல என்பது அவர் நிலை. பிறகு அங்கிருந்தபடியே சுதந்திரத் தாய் இயக்கத்தைத் தொடங்கினார்.

முன்கூட்டித் தெளிவாக அறிவிக்காமல் போர் தொடங்கக்கூடாது என்பது 1907 ஹேக் உடன்படிக்கையின் விதி. அறிவிப்பது என்றால் எதிராளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக, சேனி காகிதத்தைக் கொடுக்காததால் மட்டுமே போர் இல்லாமல் போனது என்று சொல்வது மிகையாகும். பாங்காக் போர் அறிவித்தது அமெரிக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட முடிவெடுத்தது. 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மூன்றின் மீதும் பதிலுக்குப் போர் அறிவித்த அமெரிக்கா தாய்லாந்தைத் தொடவில்லை. சேனி செய்தது, அப்படி முடிவெடுக்க ஒரு வழியைத் திறந்து வைத்தது. நான் அதைச் சிறிய செயல் என்று நினைக்கவில்லை; சொந்த அரசின் ஆணையை மீற ஒரு தூதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வித்தியாசம் 1945-இல் தெரிந்தது. ஆகஸ்ட் 16 அன்று அரசப் பிரதிநிதி பிரிடி பனோம்யோங் போர்ப் பிரகடனம் செல்லாது என்று அறிவித்தார். அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனுக்கோ தாய்லாந்து எதிரி நாடு. 1946 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், 15 லட்சம் டன் அரிசியை விலையில்லாமல் தர வேண்டும் என்று பிரிட்டன் எழுதி வாங்கியது. அப்போது தாய்லாந்தின் பிரதமர் சேனி பிரமோஜ்தான். அதற்கு முன் பிரிட்டன் கேட்டது இன்னும் அதிகம். அதைக் குறைக்கச் சொல்லித் தாய்லாந்துக்காக லண்டனை நெருக்கியது அமெரிக்கா.