சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டர்: விமானத்துக்கு ஏன் இரண்டே முக்கால் மணி நேரம்?

சென்னை சென்ட்ரலிலிருந்து புதுடெல்லிக்கு ரயில் பாதை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். விமான நேரத்தைக் கணக்கிட இந்த எண்ணை எடுத்தால் தொடக்கத்திலேயே தப்பாகிவிடும். நமக்கு வேண்டியது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் வளைவின் மேல் உள்ள மிகக் குறுகிய தூரம்.

இதைக் கையாலேயே போட்டுவிடலாம். சென்னை விமான நிலையம் 12.99° வடக்கு, 80.17° கிழக்கு; டெல்லி 28.56° வடக்கு, 77.10° கிழக்கு. வடக்கு–தெற்காக ஒரு பாகைக்கு 111 கி.மீ.; 15.57 பாகைக்கு 1,728. கிழக்கு–மேற்காக வரும் பாகையோ வடக்கே போகப் போகச் சுருங்கும். பாதி வழியில் அது 104 கி.மீ.தான், ஆகவே 3.07 பாகைக்கு 319. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1,760 கி.மீ. டெல்லி–லண்டன் போன்ற நெடுந்தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே கோள வடிவக் கணிதம் வேண்டும்.

ஏர்பஸ் ஏ320 ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், அது மணிக்குச் சுமார் 830 கி.மீ. வகுத்தால் 2 மணி 7 நிமிடம். அட்டவணையில் இருப்பதோ இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

மிச்ச நிமிடங்களில் பெரும்பகுதி தரையிலேயே கரைகிறது. அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, டெல்லியில் மறுபடி நிறுத்துமிடம் சேர்வதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். மேலேறும்போதும் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்குச் சுமார் 460 கி.மீ.) வேக வரம்பு உண்டு. இறங்கும் வேலையோ டெல்லிக்கு 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடுகிறது. குளிர்காலப் பனிமூட்டத்தில் வானத்தில் வட்டமடிக்கச் சொன்னால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போகும்.

எனவே தூரத்தை 830-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். உள்நாட்டுப் பயணங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். சென்னை–பெங்களூரு வெறும் 270 கி.மீ., ஆனாலும் ஒரு மணி நேரம் ஆவது இந்த 40 நிமிடத்தால்தான்.

அடுத்தது காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக, ஜெட் காற்று எனப்படும் மிக உயரத்துக் காற்று பலமாக வீசும். டெல்லி விமானத்துக்கு அது பெரும்பாலும் பக்கக்காற்று. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் நேர் பக்கவாட்டில் வீசினாலும், மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பிப் பறந்தால் இழப்பு மணிக்குப் பதினான்கு கி.மீ.தான். மும்பை–கொல்கத்தா கதை வேறு. அதன் 1,665 கி.மீ. தூரத்தில் 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1 மணி 47 நிமிடம், திரும்பும்போது எதிர்த்தால் 2 மணி 17 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்டுவதும் இல்லை: எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறோம், அதனால் போக வரச் சேர்த்து மூன்றரை நிமிடம் கூடுகிறது.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு மூடிய வான்வெளி மாற்றிவிடும். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன பின்லாந்து விமானங்கள், வடதுருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்கின்றன.