ஊருக்குப் போகும்முன் எஸ்ஆர்-22ஐ நிறுத்திவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் வாகனக் காப்பீட்டு முகவராக இருக்கும் எனக்கு மே மாதக் கடைசியில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிறார்கள், இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம், கார் கராஜில் சும்மாதான் நிற்கும், அதுவரை இன்சூரன்ஸை நிறுத்தி வைக்கலாமா என்பார்கள். ஓட்டுநர் உரிமம் ஒருமுறை முடக்கப்பட்டு, எஸ்ஆர்-22 என்னும் காப்பீட்டுச் சான்றைத் தாக்கல் செய்து உரிமத்தைத் திரும்பப் பெற்ற ஒருவர் இதைக் கேட்டால், கேள்வி முடியும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

எஸ்ஆர்-22 தனியான காப்பீடு என்றே பலர் எண்ணுகிறார்கள். உங்களிடம் சட்டம் கேட்கும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனம் டிஎம்விக்கு (மாநில மோட்டார் வாகனத் துறைக்கு) மின்வழியில் அனுப்பும் சான்று அது, அவ்வளவுதான். குடித்துவிட்டு ஓட்டியதற்காகவோ, காப்பீடு இல்லாமல் விபத்தில் சிக்கியதற்காகவோ உரிமம் முடக்கப்பட்டவரிடம் இதைக் கேட்பார்கள். பொதுவாக மூன்று ஆண்டுகள் இது அறுபடாமல் நடப்பில் இருக்க வேண்டும். பாலிசி எந்தக் காரணத்தால் நின்றாலும் அதை டிஎம்விக்குத் தெரிவிக்கும் கடமை அதே நிறுவனத்துக்கு உண்டு. எஸ்ஆர்-26 என்னும் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தால் உரிமம் மறுபடியும் முடங்கும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் ஜூன் மாதம் விமானம் ஏறும் முன்பு, என்னிடம் சொல்லாமல், கைபேசிச் செயலியிலேயே பாலிசியை ரத்து செய்துவிட்டார். ஆகஸ்டில் திரும்பியதும் அதே செயலியில் புதிய பாலிசி வாங்கிக்கொண்டு எட்டு நாள் அலுவலகத்துக்கு ஓட்டிப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த கடிதக் கட்டை ஒன்பதாம் நாள் பிரித்தபோதுதான், மளிகைக் கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே டிஎம்வியின் உறை இருந்தது. புதிய பாலிசியில் காப்பீடு இருந்தது, எஸ்ஆர்-22 தாக்கல் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டுவது கலிஃபோர்னியாவில் அபராதத்தோடு முடிகிற விஷயமல்ல, அது குற்ற வழக்கு. அந்த எட்டு நாளில் காவலர் யாரும் அவரை நிறுத்தாதது அவருடைய நல்ல காலம்.

அவர் செய்திருக்க வேண்டியது எளிது. பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொறுப்புக் காப்பீட்டை அப்படியே ஓடவிட்டு, சொந்தக் காரின் மோதல் சேதத்துக்கான பகுதியை மட்டும் எடுத்திருந்தால் கணிசமான பணம் மிச்சமாகியிருக்கும் (காருக்குக் கடன் இருந்தால் வங்கி அதற்கும் சம்மதிக்காது). மாதத் தவணை செலுத்தும் கடன் அட்டை பயண நாட்களில் காலாவதியாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே நிறுத்தியவர்களைவிட அட்டை மாறியதை மறந்து மாட்டிக்கொண்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு, ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரே விபத்தில் பலர் காயப்பட்டால் மொத்தம் 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 என உயர்ந்திருக்கிறது. அதற்கு முன் இவை 15,000, 30,000, 5,000 ஆக இருந்தன. நம் சாலைகளில் ஓடும் கார்களின் விலைக்கு சொத்துச் சேதத்துக்கான அந்த 15,000 எம்மாத்திரம் என்பதால், குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ள நான் யாருக்கும் சொல்வதில்லை.

சொந்தமாகக் கார் இல்லாதவர்களுக்கு நான்-ஓனர் பாலிசி என்று ஒன்று உண்டு. அதன்மீதும் எஸ்ஆர்-22 தாக்கல் செய்யலாம். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சிக்கல் வருகிறது. கார் மனைவி பெயரில் இருக்கும், கணவர் தினமும் அதை ஓட்டுவார், ஆனால் விலை மலிவு என்று நான்-ஓனர் பாலிசி கேட்பார். வீட்டிலேயே அவர் எப்போதும் எடுத்து ஓட்டக்கூடிய கார் நிற்கும்போது அந்தப் பாலிசி பொருந்தாது. அதை மறைத்து வாங்கினால் விபத்து நடக்கும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

தாக்கல் கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது பெரும்பாலும் 25 டாலர் அளவில் முடிந்துவிடும். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது: 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவின்படி நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு, குடிபோதை வழக்கில் தண்டனை பெற்றவர் அத்தகுதியைப் பத்து ஆண்டுகளுக்கு இழக்கிறார். எஸ்ஆர்-22 மூன்று ஆண்டில் போய்விடும், பிரீமியத்தின் பாரம் அதற்குப் பின்னும் தொடரும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இத்தகைய கைது விசாவையே பாதிக்கலாம் என்பதால், அவர்கள் என்னிடம் வரும் முன்பு குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வேலை மாறி டெக்சாஸுக்கோ வேறெங்கோ குடிபெயர்ந்தால் கலிஃபோர்னியாவின் நிபந்தனை தானாக அழிந்துவிடாது. நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் தம் ஓட்டுநர்களிடம் இப்படிவத்தைக் கேட்பதே இல்லை. ஃபுளோரிடாவோ குடிபோதை வழக்கில் எஃப்ஆர்-44 என்னும் வேறு படிவத்தை, உயர்ந்த காப்பீட்டுத் தொகையுடன் கேட்கிறது. ஆகவே பழைய பாலிசியை நிறுத்தும் முன்பு, புதிய மாநிலத்து நிறுவனம் கலிஃபோர்னியாவுக்குத் தாக்கல் செய்யுமா என்று கேட்டு, அது போய்ச் சேர்ந்ததை டிஎம்வியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டு முடிவையும் நாட்காட்டியைப் பார்த்து நீங்களே கணக்கிட வேண்டாம். முடியும் தேதியை டிஎம்வியிடம் எழுத்தில் வாங்கி எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே நான் தாக்கலை நீக்கச் சொல்வேன்.