அப்கிரேடுக்குப் பிறகு நெட் போச்சா? கேபிளைப் பிடுங்காதீர்கள்

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் தோல் கம்பெனிகள், வேலூர் லாட்ஜுகள் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அது இருப்பதே பலருக்கு அப்கிரேட் செய்த மறுநாள்தான் ஞாபகம் வரும். "சார், நெட் வரல" என்று போன் வருவதற்குள் பிராட்பேண்டுக்காரருக்குப் புகார் போயிருக்கும், கேபிளையும் மாற்றியிருப்பார்கள். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் நெட் வருகிறதா என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் வந்தால் கோளாறு பெரும்பாலும் சர்வருக்குள்தான்.

நான் முதலில் பார்ப்பது நெட்வொர்க் கார்டின் பெயரை. 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்தால் தெரிந்துவிடும். பழைய லினக்ஸில் அது ஈத்0. 2013இல் சிஸ்டம்டி (லினக்ஸ் சர்வீஸ்களை இயக்கும் மென்பொருள்) 197 வந்த பிறகு, கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து இஎன்பி3எஸ்0 என்பதுபோலப் பெயர் வருகிறது. நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகும் ஆம்பூருக்கு 'வேலூர் மாவட்டம்' என்று விலாசம் எழுதினால் தபால்காரர் சேர்த்துவிடுவார், லினக்ஸ் சேர்க்காது.

பெயர் சரி, ஆனாலும் ஐபி (நெட்வொர்க் முகவரி) வரவில்லையா? நீங்கள் திருத்தும் ஃபைலை லினக்ஸ் படிக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு 17.10 முதல், பழைய 'இன்டர்ஃபேசஸ்' ஃபைலுக்குப் பதிலாக நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்பு முறை வந்துவிட்டது. ரெட்ஹாட் 10இல் பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி (நெட்வொர்க் அமைப்பு) ஃபைல்களுக்கு ஆதரவே கிடையாது. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு பாதி ராத்திரி வரை 'இன்டர்ஃபேசஸ்' ஃபைலைத் திருத்துகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். (நெட்பிளான் ஃபைலில் டேப் அடிக்காதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான்.)

அடுத்து பிங், அதாவது எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர்), பிறகு கூகுளின் 8.8.8.8. இரண்டும் பதில் சொல்லி, வெப்சைட் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவையில். டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ் கான்ஃப் ஃபைலில் 127.0.0.53 இருப்பதைப் பார்த்துப் பதறி அழிக்க வேண்டாம். அது சர்வருக்குள்ளேயே டிஎன்எஸ் வேலை பார்க்கும் சிஸ்டம்டி ரிசால்வ்டின் முகவரி. 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் உண்மையான டிஎன்எஸ் சர்வர் எது என்று காட்டும்.

காட்பாடியில் உட்கார்ந்து வாணியம்பாடி சர்வரை எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக அப்கிரேட் செய்யும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. தொடங்கும் முன் 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்' இரண்டின் விடையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கைத் திருத்திய பின் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் அதுவே பழையபடி மாற்றிவிடும். அப்ளை கொடுத்துத் திரை உறைந்தால், அங்கே மானிட்டர் முன்னால் ஆள் இல்லாத பட்சத்தில், அடுத்த ரயிலைத்தான் பிடிக்க வேண்டும்.