கல்லூரி கேட்டுக்கு வெளியே ஒரு முறுக்கு அடுப்பு

எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் தொழில்முனைவோர் தினம் கொண்டாடினால் நடுவராக உட்கார ஒரு ஆடிட்டரைத் தேடுவார்கள். அப்படித்தான் பத்து வருடமாக அந்த நாற்காலி எனக்கு வாய்த்திருக்கிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆப் பற்றித்தான் மாணவர்கள் பேசுவார்கள். கிராமத்துப் பலகாரத்தை நகரத்துக்குக் கொண்டுபோகும் ஆப், ஐந்தே வருடத்தில் இத்தனை கோடி விற்றுமுதல். நன்றாகவே பேசுவார்கள், குறை சொல்ல முடியாது. ஜெயித்தவர்களுக்கு ஆள் உயரத்துக்கு அட்டையில் அச்சடித்த செக் ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அடுத்த வருடம் வேறு ஆப், அதே அட்டை.

ஒரு முறை அந்த விழா முடிந்து ஆபீஸுக்குத் திரும்பினேன். நிஜமாகவே பலகாரம் செய்கிற ஒரு அக்கா காத்திருந்தார். நான் நடுவராக இருந்துவிட்டு வந்த கல்லூரியிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அவர் ஊர். முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். வங்கிக் கடனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டு வந்திருந்தார்.

“கடன் எதுக்குக்கா?”

“ரிட்டர்ன் ஜாஸ்தியா வருது சார். பத்து நாள்ல நமத்துப் போகுது, அப்புறம் சிக்கு வாடை அடிக்குதுன்னு திருப்பி அனுப்புறாங்க. கையில காசே நிக்க மாட்டேங்குது.”

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 200 கிராம் பாக்கெட்டைக் கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்கிறார். மாவு, எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்ந்து 31 ரூபாய். பாக்கெட்டுக்கு 9 ரூபாய் லாபம் என்பது அவர் மனக்கணக்கு. ஆனால் நூற்றுக்குப் பத்து பாக்கெட் திரும்பி வருகிறது. ஆக விற்றது 90 பாக்கெட், வரவு 3,600. செலவு 3,100. மிச்சம் 500 ரூபாய். அந்த நூறு பாக்கெட்டுக்கு அவரும் அவர் நாத்தனாரும் இரண்டு நாள் அடுப்படியில் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அப்போது அரசு அறிவித்திருந்த கூலியே இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இந்த நிலையில் கடன் வாங்கினால் வட்டிதான் மிஞ்சும்.

நமத்துப் போவதற்கு ஆடிட்டரிடம் மருந்து இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் உணவு அறிவியல் துறை இருந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கேட்டேன். “சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க சார், நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். ஏன் இந்த ரகசியம் என்பது பிறகு புரிந்தது. வெளியாட்களை ஆய்வுக்கூடத்துக்குள் விட விதி இல்லை. விடக்கூடாது என்றும் விதி இல்லை. யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

மூன்று மாணவிகள் சேர்ந்தார்கள். முறுக்கை இடித்துத் தூளாக்கி, அலுமினியக் கிண்ணத்தில் 5 கிராம் எடுத்து, 105 டிகிரி மின்அடுப்பில் காயவைத்து எடை பார்த்தார்கள். எவ்வளவு எடை குறைகிறதோ அதுதான் ஈரப்பதம். முதலாமாண்டிலேயே செய்து பார்க்கிற சோதனை. சுட்ட அன்றைய முறுக்கில் குறை ஒன்றும் இல்லை, பத்து நாள் ஆன பாக்கெட்டில் ஈரம் ஏறியிருந்தது. அக்காவின் வீட்டுக்கே போய்ப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. கடைக்காரர் வண்டி வரும் அவசரத்தில் சூடு ஆறுவதற்குள் கட்டிவிடுகிறார். கவரோ மெல்லியது, மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டியது. முந்தின நாள் எண்ணெயோடு புது எண்ணெய் ஊற்றிக் கலப்பது வேறு.

கனமான கவர், கையால் அழுத்தும் சீலிங் மிஷின், முழுக்க ஆறும்வரை பொறுமை, பழைய எண்ணெய்க்குத் தடா. செலவு பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடியது. ரிட்டர்ன் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. விலையை 45 ஆக்கினோம். கடைக்காரர்கள் முனகினாலும் திருப்பி அனுப்பும் தொல்லை விட்டதே என்று ஒத்துக்கொண்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் நிற்கிறது. பெரிய வெற்றிக்கதை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடன் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் தொழிலுக்குத் துணைநிற்பது புதிதல்ல. திருச்சியில் டிரெக் ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா 1986-லேயே தொடங்கியது. கோவையில் அதே மாதிரி பி.எஸ்.ஜி. ஸ்டெப் 1998 முதல் இருக்கிறது. உணவுத் தொழிலுக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே கட்டணம் கட்டி அவர்கள் இயந்திரத்திலேயே பொருளைத் தயாரித்துப் பார்க்கலாம். ஆனால் முறுக்கு அக்கா தஞ்சாவூருக்குப் பஸ் ஏற மாட்டார், ரெண்டு கிலோமீட்டர் நடப்பார். அதனால் பக்கத்துக் கல்லூரிதான் அவருக்கு உதவ வேண்டும். அதற்காக ஒவ்வொரு கல்லூரியும் தனிக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற மின்அடுப்பையும் தராசையும் சனிக்கிழமைகளில் ஊருக்குத் திறந்துவிட்டு, எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று கேட்டில் ஒரு போர்டு மாட்டினால் போதும். கூடவே, அதற்கு நேரம் செலவிடும் ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் அது ஏற வேண்டும். இப்போது ஆய்வுக் கட்டுரை போட்டால் மதிப்பெண் உண்டு, முறுக்கு நமக்காமல் செய்தால் கிடையாது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்குக் காட்ட, கோப்பில் ஒட்ட இரண்டு போட்டோ கிடைத்தால் அதுவே மிச்சம்.

இன்னொன்று, கல்லூரியே ஊரின் பெரிய வாடிக்கையாளர். விடுதியும் கேன்டீனும் மாதாமாதம் எவ்வளவு பலகாரம் வாங்குகின்றன! என்னிடம் வரும் சிறு தொழில்காரர்கள் கல்லூரிகளுக்குச் சப்ளை செய்யவே பயப்படுகிறார்கள். பில் பாஸாக மூன்று மாதம் ஆகும், அதுவரை மாவு வாங்கக் காசு வேண்டுமே. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. இந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு கையில் இருக்கட்டும். அரசு இணையதளத்தில் அந்தப் பதிவு முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் வரும் தனியார் தளங்களில் ஆயிரம், இரண்டாயிரம் கட்டிவிட்டு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். பி.காம் மாணவர்கள் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தால், பாடப்புத்தகத்தில் இல்லாத பாதித் தொழில்சட்டம் அவர்களுக்கும் பழகிவிடும்.

இனி ஊர்ப்பணி. என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம். முகாமில் கோயில் வளாகம் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள். எட்டாவது நாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று நான் கேட்டால் சிரிக்கிறார்கள்.

பதினெட்டு வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொரு கிராமத்து மாணவரும் தன் ஊர் கிராம சபையின் உறுப்பினர். ஒரு கல்லூரி வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஐம்பது பேரில் மூவர்தான் ஒரு முறையாவது போயிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கிராம சபை கூடும் ஜனவரி 26-ம் ஆகஸ்ட் 15-ம்தான் கல்லூரியில் கொடியேற்றத்துக்கு வருகைப் பதிவு எடுக்கிற நாட்கள். அங்கே ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் நேரத்தில், கணக்கு படிக்கிற பிள்ளைகள் இங்கே வரிசையில் நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் இல்லாத கம்பெனிகளுக்கெல்லாம் பாடத்தில் இறுதிக்கணக்கு போட வைக்கிறோமே, சொந்த ஊராட்சியின் கணக்கை ஒரு செமஸ்டர் படிக்க வைத்தால் என்ன?

முறுக்குச் சோதனை செய்த மூன்று மாணவிகளில் ஒருத்தி அக்காவின் ஊர்தான். அந்த ஊரில் மகளிர் குழுவுக்கென்று கட்டிய கட்டடம் ஒன்று வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே தேர்தல் சாமானும் பழைய நாற்காலிகளும். அதைத் திறந்துவிட்டால் நான்கு பேர் சேர்ந்து அடுப்பு வைக்கலாம். போன அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பெண் எழுந்து இதைக் கேட்டிருக்கிறாள். “நீ யாரு பொண்ணும்மா?” என்றுதான் முதலில் பதில் வந்ததாம். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு மறுபடியும் அதையே கேட்டிருக்கிறாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காரவில்லை.

சாவி இன்னும் வரவில்லை. ஜனவரி 26-ஆம் தேதி திரும்பவும் போகப்போகிறாளாம். அன்றைக்குக் கொடியேற்றத்தில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிடாதீர்கள் என்று துறைத்தலைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.