ஆண்டவருடைய சகோதரர்: அண்ணனா, தம்பியா, சித்தி மகனா?

இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைக்கும் மிகப் பழைய இடம், உரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதில் உள்ள அந்தப் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. நாளைச் சொல்லாத நற்செய்தி நூல்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பெயரோடு சொல்கின்றன. நாசரேத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்: “இவன் தச்சன் அல்லவா? மரியாளுடைய குமாரன் அல்லவா? யாக்கோபு யோசே யூதா சீமோன் என்பவர்களுக்குச் சகோதரன் அல்லவா?” (மாற்கு 6:3). சகோதரிகளும் இங்கேதானே இருக்கிறார்கள் என்று அதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தேதி இல்லாத இடத்தில் வாதம் வந்தால் புரிந்துகொள்ளலாம். நான்கு பெயர்கள் பளிச்சென்று இருக்கும் இடத்திலும் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாதம் ஓயவில்லை என்றால், அதற்குக் காரணம் ‘சகோதரன்’ என்ற அந்த ஒரு சொல்தான்.

சகோதரர் வடமொழியிலிருந்து வந்த சொல். ‘சஹ’ என்றால் கூட, ‘உதரம்’ என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவர் சகோதரர். செய்யுளில் வரும் ‘சோதரர்’ என்பதும் இதே பொருளில் அமைந்ததுதான். கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் இருப்பது ‘அதெல்ஃபோஸ்’. அதில் ‘தெல்ஃபூஸ்’ என்பது கருப்பை. முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும் எழுத்து அல்ல. ஒன்றாக, சேர்ந்து என்ற பொருளில், வடமொழியின் ‘ச’வுக்கு உறவான முன்னொட்டு. கூடப்பிறந்தவனைக் குறிக்கும் ‘ஸகர்ப்ய’ என்ற வடமொழிச் சொல்லும் அதெல்ஃபோஸும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு. (டால்பின் என்ற பெயரும் இந்தக் கருப்பைச் சொல்லிலிருந்தே வந்தது. குட்டி போடும் மீன் என்று கிரேக்கர் வியந்திருக்க வேண்டும்.) தமிழின் ‘உடன்பிறந்தார்’ வேறு மொழிக் குடும்பத்துச் சொல்லாக இருந்தும் அதே எண்ணத்தில்தான் பிறந்திருக்கிறது.

ஆக, வேரைப் பார்த்தால் மூன்று சொற்களும் ஒரே தாயைக் காட்டுகின்றன. வேர்ப்பொருள்தான் பொருள் என்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்: மரியாவுக்கு இயேசுவைத் தவிர இன்னும் நான்கு மகன்கள், சில மகள்கள். ஆனால் எந்தச் சொல்லும் தன் வேருக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. பரதன் இராமனுக்குச் சகோதரன் என்று எழுத எந்தத் தமிழனும் தயங்கியதில்லை. இருவரையும் சுமந்த வயிறு வேறு. கம்பனுடைய இராமனோ குகனையும் சேர்த்துக்கொண்டு ‘ஐவர் ஆனேம்’ என்கிறான். கிரேக்கத்திலும் இதே கதைதான். அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாற்கு 6:3-இல் இயேசுவின் சகோதரர் வருகிறார்கள். அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில் ஏரோது தன் ‘சகோதரன்’ பிலிப்புவின் மனைவியை எடுத்துக்கொண்ட செய்தி வருகிறது. அங்கும் அதெல்ஃபோஸ்தான். ஏரோதுக்கும் பிலிப்புவுக்கும் தந்தை ஒருவர், தாய்மார் வேறு. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் ஆபிரகாம் தன் அண்ணன்தம்பி மகனான லோத்திடம் “நாம் சகோதரர்” என்று சொல்லும் இடத்திலும் இந்தச் சொல்லே.

இந்த நெகிழ்ச்சியில்தான் மூன்று கட்சிகள் குடியேறின. மூன்றையும் 1865-இல் ஆங்கிலேய இறையியலாளர் லைட்ஃபுட் வகுத்துப் பெயரிட்டார். நான்காம் நூற்றாண்டில் அவற்றுக்காக வாதாடிய மூவரின் பெயர்களையே வைத்தார்.

முதலாவது ஹெல்விடியஸ் கட்சி. இவர் 380-ஐ ஒட்டி உரோமில் எழுதியவர். சொல்லுக்கு நேர்ப்பொருளே பொருள்: யாக்கோபு முதலியோர் யோசேப்புக்கும் மரியாவுக்கும் பின்னர் பிறந்த பிள்ளைகள். இரண்டாவது, சைப்பிரஸ் தீவின் சலமிஸ் ஆயர் எபிபானியுஸ் கட்சி: அவர்கள் யோசேப்பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள். இந்தக் கருத்துக்கு இரண்டாம் நூற்றாண்டிலேயே, யாக்கோபின் பெயரால் வழங்கிய, திருமறையில் சேராத ஒரு பிறப்புக் கதை இடம் கொடுத்திருந்தது. அதில் யோசேப்பு வயதானவர், ஏற்கெனவே பிள்ளைகள் உள்ளவர். மூன்றாவது, வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் கட்சி. ஹெல்விடியசுக்கு மறுப்பாக 383-இல் காரசாரமாக ஒரு நூல் எழுதினார் இவர். சிலுவையருகே நின்றவர்களில் ‘சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள்’ ஒருத்தி. யோவான் நற்செய்தி அங்கே இயேசுவின் தாயின் சகோதரியைக் குறிப்பிடுகிறது. இருவரும் ஒருவரே என்று ஜெரோம் முடிச்சுப் போட்டார். அப்படியானால் யாக்கோபும் யோசேயும் இயேசுவுக்குப் பெரியம்மா மகன்களோ சித்தி மகன்களோ ஆகிறார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் மரியா என்று ஒரே பெயரா என்ற கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் இல்லை.

ஒரு வேடிக்கை. ஜெரோமும் எபிபானியுசும் பிறந்தநாள் விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. எபிபானியுஸ் ஜனவரி 6-ஐப் பிறந்தநாளாகக் கொண்டவர். பெத்லகேமிலேயே வாழ்ந்த ஜெரோம், பக்கத்து எருசலேம் திருச்சபை ஜனவரி 6-ஐக் கொண்டாடிக்கொண்டிருக்க, டிசம்பர் 25-க்காக வாதிட்டார். தேதியில் ஜெரோமின் பக்கம் பெரும்பாலான உலகம் வந்துவிட்டது. ஆர்மேனியத் திருச்சபை மட்டும் ஜனவரி 6-ஐ விடவில்லை. குடும்ப விஷயத்தில் உலகம் இன்னும் மூன்றாகத்தான் நிற்கிறது: கத்தோலிக்கர் பெரும்பாலும் ஜெரோமோடு, கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் எபிபானியுசோடு, இன்றைய சீர்திருத்த சபையார் பெரும்பாலும் ஹெல்விடியசோடு. ‘இன்றைய’ என்று சொல்லக் காரணம் உண்டு. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் சுவிங்லியும், மரியா கடைசிவரை கன்னியாகவே இருந்தார், வேறு பிள்ளை பெறவில்லை என்றே நம்பினார்கள். அவர்களுடைய வழியினர் பலருக்கு இது இன்று தெரியாது.

இனி தமிழுக்கு வருவோம். இங்கேதான் சுவையான சிக்கல்.

தமிழ்க் குடும்பத்தில் ‘பிரதர்’ என்று பொதுவாக ஒருவரைக் கூப்பிட முடியாது; அண்ணன் அல்லது தம்பி. எனவே தமிழில் உறவுமுறை சொல்லத் தொடங்கினாலே கட்சி தெரிந்துவிடும். ‘இயேசுவின் தம்பி யாக்கோபு’ என்று எழுதினால் நீங்கள் ஹெல்விடியஸ் ஆள். ‘அண்ணன் யாக்கோபு’ என்றால் எபிபானியுஸ் ஆள், ஏனெனில் மூத்த தாரத்துப் பிள்ளை மூத்தவனாகத்தான் இருக்க முடியும். ஜெரோம் கட்சிக்காரருக்கு இரண்டும் பொருந்தலாம். ஆனால் வயது தெரியாமல் எதையும் எழுத முடியாது.

இன்னொரு புறம், ஐரோப்பியரை வெகுவாகத் தடுமாற வைத்த இடத்தில் தமிழன் தடுமாறவே மாட்டான். சித்தி மகனைச் ‘சகோதரன்’ என்று யாராவது சொல்வார்களா என்று அவர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டார்கள். நமக்குச் சித்தி மகனும் பெரியம்மா மகனும் வயதைப் பொறுத்து அண்ணன் அல்லது தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் அப்படியே. மாமன் மகனும் அத்தை மகனும்தான் வேறு. அவர்கள் மச்சான், மைத்துனன். ஜெரோமின் கணக்கைத் தமிழில் சொன்னால் அதில் விளக்க வேண்டியது எதுவுமே இல்லை. ஆனால் நம் காதுக்கு இயல்பாக ஒலிக்கிறது என்பதால் அது கிரேக்கனுக்கும் இயல்பு என்று முடிவுகட்டக் கூடாது. கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு ‘அனெப்சியோஸ்’ என்று தனிச்சொல் உண்டு. கொலோசெயர் 4:10-இல் மாற்கு பர்னபாவுக்கு அனெப்சியோஸ். பழைய தமிழ் வேதாகமம் அதை ‘இனத்தான்’ என்று சொல்லி நழுவிக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெகெசிப்பஸ் இரண்டு சொற்களையும் பிரித்தே ஆள்கிறார்: யாக்கோபு ஆண்டவரின் அதெல்ஃபோஸ்; அவருக்குப் பின் எருசலேம் சபைக்குத் தலைவரான சிமியோன், குலோபாவின் மகன், ஆண்டவரின் அனெப்சியோஸ். குலோபா யோசேப்பின் உடன்பிறந்தவர் என்கிறார். ஜெரோம் கட்சிக்கு இது சங்கடமான சாட்சி.

அதே ஹெகெசிப்பஸ் இன்னொரு செய்தியையும் விட்டுப் போயிருக்கிறார். நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அதைப் படியெடுத்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது. உரோமப் பேரரசன் டொமிஷியன் தாவீதின் வழிவந்தவர்களைத் தேடினானாம். ஆண்டவரின் சகோதரன் என்று சொல்லப்பட்ட யூதாவின் பேரன்மார் இருவரைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். சொத்து எவ்வளவு என்று கேட்டான். பணமாக இல்லை, 39 பிளெத்ரா (கிரேக்க நில அளவு) நிலம் உண்டு, மதிப்பு 9,000 தெனாரியம் (உரோம வெள்ளிக்காசு), அதை நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம் என்றார்கள். சான்றாகக் காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகளைக் காட்டினார்கள். இவர்களால் அரசுக்கு ஆபத்தில்லை என்று அவன் ஏளனத்தோடு அனுப்பிவிட்டானாம். இயேசுவின் குடும்பத்தைப் பற்றி நமக்கு எஞ்சியவற்றில் இவ்வளவு மண்வாசனையோடு வேறொன்றில்லை.

பக்கத்தில் நிற்கும் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். லூக்கா 2:7 இயேசுவை மரியாளின் ‘முதற்பேறான குமாரன்’ என்கிறது. முதற்பேறு என்றால் அடுத்தது உண்டு என்றுதானே பொருள் என்பது ஹெல்விடியசின் வாதம். தலைச்சன் பிள்ளை ஒற்றைப் பிள்ளையாகவே நின்றுவிடுவதும் உண்டு என்பது நமக்குத் தெரியும். யூதச் சட்டத்திலும் முதற்பேறு என்ற தகுதி பிறந்த உடனே வந்துவிடுகிறது. அடுத்த பிள்ளைக்காக அது காத்திருப்பதில்லை. எகிப்தில் தெல் எல்-யெகுதியே என்ற இடத்தில் அர்சினோயே என்ற யூதப் பெண்ணின் கிரேக்கக் கல்லறை வாசகம் கிடைத்தது. காலம் கி.மு. 5, ஏறக்குறைய இயேசு பிறந்த காலமே. ‘முதற்பேற்றை’ப் பெறும் வலியில் இறந்ததாக அவள் சொல்வதுபோல் அது எழுதப்பட்டிருக்கிறது. அவளுக்கு அடுத்த பிள்ளைக்கு வழியே இல்லை. சொல் மட்டும் அதேதான். ஆகவே இந்தச் சொல்லை வைத்து எந்தக் கட்சியும் வெல்ல முடியாது.

அப்படியானால் அதெல்ஃபோஸுக்குச் சரியான தமிழ் எது? தனித்தமிழ் அன்பர்கள் ‘உடன்பிறந்தார்’ என்று உடனே சொல்வார்கள். அழகான சொல், ஐயமில்லை. ஆனால் அதன் வேர் இன்றும் உயிரோடு இருக்கிறது; கேட்பவர் காதில் ‘உடன்’ என்பதும் ‘பிறந்தார்’ என்பதும் தனித்தனியே விழுகின்றன. “உடன்பிறந்தே கொல்லும் வியாதி” என்ற மூதுரை வரி வேலை செய்வது அந்த உயிர்ப்பால்தான். மாற்கு 6:3-இல் அதை வைத்தால் தராசு ஹெல்விடியஸ் பக்கம் சாய்ந்துவிடும். ‘உறவினர்’ என்று வைத்தால் ஜெரோம் பக்கம். சகோதரர் என்ற சொல்லில் இருக்கும் உதரம் தமிழர் காதுக்கு மறைந்துவிட்டது. வேர் மறைந்ததால்தான் அது அதெல்ஃபோஸ் அளவுக்கு அகன்றது: கூடப்பிறந்தவன், ஒன்றுவிட்டவன், சபையார், முன்பின் அறியாத பெரியவர் எல்லாரையும் அது தாங்குகிறது. பழைய வேதாகமமும் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியமும் இந்த இடத்தில் இதே சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. அதைச் சரியான முடிவென்றே கருதுகிறேன்.

அந்தச் சொல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1 கொரிந்தியர் 9:5 போதும். “கர்த்தருடைய சகோதரரும்” கேபாவும் (அதாவது பேதுருவும்) செய்வதுபோல “மனைவியாகிய ஒரு சகோதரியை”க் கூட்டிக்கொண்டு திரிய எங்களுக்கும் அதிகாரமில்லையா என்று பவுல் கேட்கிறார். ஒரே வசனத்தில் சகோதரர் குடும்ப உறவு, சகோதரி விசுவாசம் கொண்ட பெண். மனைவியைச் சகோதரி என்பதா என்று முதல் வாசிப்பில் திகைக்காதவர் குறைவு. இங்கே ‘உடன்பிறந்தாளாகிய மனைவி’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வசனத்தை எடுத்தாளும்போது சகோதரர் என்பதே போதும். கட்சிகளை விளக்கும்போதுதான் சொற்களைப் பிரிக்க வேண்டும்: ஹெல்விடியசுக்குக் கூடப்பிறந்தவர்கள், எபிபானியுசுக்கு மூத்த தாரத்துப் பிள்ளைகள், ஜெரோமுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். மூன்று கட்சியையும் தொடாமல் இந்தக் குடும்பத்தை மொத்தமாகச் சுட்ட வேண்டுமானால் அதற்கும் ஒரு பழஞ்சொல் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ், நாசரேத்து, கொக்காபா என்ற ஊர்களிலிருந்து பரவி, தங்கள் வம்ச வரலாற்றைக் காத்துவந்த இயேசுவின் உறவினரைத் ‘தெஸ்போசினோய்’ என்று குறிக்கிறார். தலைவருக்கு உரியவர்கள் என்பது பொருள். தமிழில் ‘ஆண்டவர் வீட்டார்’ என்று எழுதலாம்.