அருங்காட்சியகத்தில் மனித எலும்பு: ஊரைக் கூட்டிப் பேசுவதற்கு முன்

மல்லச்சந்திரம் கல்திட்டைகளும் மயிலாடும்பாறை ஈமச்சின்னங்களும் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில், முதுமக்கள் தாழியில் (அந்தக் காலத்தில் இறந்தவரை அடக்கம் செய்த பெரிய பானையில்) கிடைத்த எலும்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று மக்களைக் கூட்டிக் கேட்பது அவசியமான வேலை. ஆனால் எதை மாற்றத் தயார் என்பதை அருங்காட்சியகம் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை எடுப்பதா, விளக்க அட்டையை மாற்றுவதா, மறுபடி அடக்கம் செய்வதா? எதுவும் தன் அதிகாரத்தில் இல்லையென்றால், மேலிடத்துக்குப் பரிந்துரை மட்டுமே போகும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம். முடிவு எடுத்த பிறகு கருத்துக் கேட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும். அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

ஆறு வாரம் முன்பே பொருட்பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து, எந்த ஆண்டு, யார் மூலம் வந்தது என்று பட்டியல் போட வேண்டும். பதிவு இல்லாததை இல்லை என்றே சொல்ல வேண்டும். மழுப்பினால்தான் சந்தேகம் வளரும். எலும்பைக் கூட்டத்துக்குக் கொண்டுவரவே கூடாது. ஒரு செல்போன் படம் போதும், மறுநாள் 'ராட்சசன் எலும்பு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். எலும்போ படமோ காட்டமாட்டோம் என்பதை அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட வேண்டும். கர்ப்பிணி உள்ள வீட்டாரும் அண்மையில் சாவு கண்டவர்களும் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

ஆடிப்பெருக்கு, அமாவாசை, மாங்காய் அறுவடை நாட்கள் வேண்டாம். அஞ்செட்டி, தளிப் பக்கத்தார் பஸ் பிடித்து வந்து திரும்ப, காலை 10.30 முதல் 1 மணி வரை சரியாக இருக்கும். பஸ் செலவையும் அன்றைய கூலியையும் கொடுக்காவிட்டால் ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்கு அந்தந்த மொழியில் ஒரு மேசை வேண்டும்.

40 பேர் போதும்: மேசைக்கு 8 பேர், பேச்சை நடத்த ஒருவர், எழுத ஒருவர். மேடைப்பேச்சு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் மூன்று செய்திகள் போதும். தூத்துக்குடி மாவட்ட ஈமக்காடான ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போனது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தது. 2024இல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்த, நாகா பழங்குடியினர் ஒருவரின் மண்டையோடு எதிர்ப்பால் விலக்கப்பட்டது.

பெரும்பாலும் கூட்டம் தடம் மாறும் இடம் ஒன்று உண்டு: "இது எங்க ஜாதி முன்னோர்." இரும்புக்கால எலும்பை இன்றைய எந்த ஜாதியோடும் இணைக்கச் சான்று இல்லை. எலும்பின் வயதைக் கணிக்கும் கரிமச் சோதனை காலத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. இந்தப் பதிலை மேசையில் பேச்சை நடத்துபவர் முன்கூட்டியே பழகி, குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். கேள்வியையும் கீழே இறக்க வேண்டும்: "வைக்கலாமா?" என்றால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். "உங்க வீட்டுப் பெரியவரா இருந்தா எப்படி வெச்சிருக்கச் சொல்வீங்க?" என்று கேட்டால் பாட்டிமார்கள் பேசத் தொடங்குவார்கள். கீழடி அருகே உள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்தது போன்ற எலும்பை ஆராய்ந்து நோயும் உணவும் கண்டறியும் பயனை விரும்புபவர்களும் இருப்பார்கள். அவர்கள் வாதமும் அதே தாளில் ஏற வேண்டும்.

வாசலில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் இருக்கட்டும். சாவைப் பற்றிப் பேசிவிட்டு கால் கழுவாமல் வீடு திரும்ப விரும்பாதவர் பலர். 30 நாளுக்குள் எது ஏற்கப்பட்டது, எது ஏன் முடியாது என்று ஒரே பக்கத்தில் எழுதி, வந்தவர்களின் ஊராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்ட வேண்டும்.