ரெஃபரி, நடுவர், ஓரவஞ்சனை: ஒரு சொல் விளக்கம்

ரெஃபரிக்குத் தமிழில் நடுவர். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு சொற்களும் ஒரே ஆளைக் குறித்தாலும் வெவ்வேறு எண்ணத்தில் பிறந்தவை. கால்பந்தில் ஒரு பெனால்டி கொடுத்தாலோ கொடுக்காமல் விட்டாலோ வெடிக்கும் சண்டையில் பாதி, இந்த இரண்டு எண்ணங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் 'ரெஃபர்'. டாக்டர் ஒருவர் நோயாளியை இன்னொரு டாக்டரிடம் ரெஃபர் பண்ணுகிறார் என்கிறோமே, அதேதான். வழக்கு யாரிடம் கொண்டுபோகப்படுகிறதோ அவர் ரெஃபரி. கால்பந்திலும் முதலில் அவருக்கு அந்த வேலைதான் இருந்தது. 1863இல் இங்கிலாந்தில் எழுதிய முதல் விதிகளில் ரெஃபரி என்று யாருமே இல்லை, தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு நாள் ஓடும்? அப்புறம் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள், அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்காக மூன்றாவதாக ஒருவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர்தான் ரெஃபரி. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் வெளியிலேயே நிற்பார். 1891இல் விதியை மாற்றி அவரைக் களத்துக்குள் கொண்டுவந்து முழு அதிகாரமும் கொடுத்தார்கள். அம்பயர்கள் எல்லைக்கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். (அம்பயர் என்பதும் அழகான சொல். பழைய பிரெஞ்சில் 'நோம்பெர்', அதாவது ஜோடி சேராதவர், ஒற்றை ஆள். ஆங்கிலத்துக்குள் வந்தபின் முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது.)

நடுவர் என்பதில் கேட்பது, கொண்டுபோவது எதுவும் கிடையாது. நிற்கும் இடம்தான் பொருள். நடுவில் இருப்பவர், எந்தப் பக்கமும் சாயாதவர். திருக்குறளின் 12ஆம் அதிகாரத்துக்கே நடுவு நிலைமை என்றுதான் பெயர், அதில் 'ஒருபால் கோடாமை' என்று வருவதை விடச் சுருக்கமாக இந்த வேலையை விளக்கிவிட முடியாது. இலங்கைத் தமிழ் விளையாட்டுச் செய்திகளில் மத்தியஸ்தர் என்று எழுதுவார்கள், அது வடமொழி வழி வந்தது, பொருள் அதே நடுவில் நிற்பவர்தான். நடுவன் என்று எமனுக்கும் ஒரு பெயர் உண்டு. தன் அணிக்கு எதிராக 90ஆவது நிமிடத்தில் பெனால்டி வாங்கிய ரசிகரிடம் கேட்டால் அதுவும் பொருத்தம்தான் என்பார்.

நடு என்று ஒன்று இருந்தால் ஓரம் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்வதை 'ஓரம் சொல்லுதல்' என்று பழைய தமிழ் சொல்லும், இன்றைக்கு நாம் ஓரவஞ்சனை என்கிறோம். சொந்த மைதானத்து அணிக்குச் சாதகமாக ஊதுபவரை ஆங்கில ரசிகர்கள் 'ஹோமர்' என்று திட்டுவார்கள், அதற்கு நேர் தமிழ் தேடினால் கைக்கு முதலில் வருவது இந்த ஓரவஞ்சனைதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓரம் சரி, வஞ்சனை எங்கே?

2002இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். ஆலன் நெவிலும் அவருடைய சகாக்களும் தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள், ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் சொன்னார்கள். அவர்கள் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரும் அவர்களை அடிக்க வரப்போவதில்லை, லஞ்சமும் இல்லை. காலைத் தட்டினாரா பந்தைத் தட்டினாரா என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபோது மூளை காதிடம் கேட்கிறது, அவ்வளவுதான். ஒரு வகையில் பார்த்தால் நடுவரே தன் சந்தேகத்தைக் கூட்டத்திடம் ரெஃபர் பண்ணிவிடுகிறார்!

ஸ்பெயின் லீக்கில் சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால், வீணான நேரத்துக்காக நடுவர் கடைசியில் சேர்க்கும் கூடுதல் நேரம் நீள்வதும், ஒரு கோல் முன்னால் இருந்தால் சுருங்குவதும் 2005இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியில் இந்தச் சாய்வு, ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருக்கும் அரங்குகளில், அதாவது கூட்டம் கொஞ்சம் தள்ளி உட்காரும் இடங்களில், குறைவாக இருந்தது. 2020இல் கொரோனாவால் காலி அரங்குகளில் ஆடியபோது, வெளியூர் அணிக்கு வழக்கமாகக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டத்தை எடுத்துவிட்டால் சாய்வும் குறைகிறது என்றால் அதை வஞ்சனை என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் 'ஓரச்சாய்வு' என்று எழுதலாம் என்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு ஊதியவருக்கு வேண்டுமானால் ஓரவஞ்சனையை வைத்துக்கொள்ளுங்கள்.

1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். வெம்ப்ளியில் இங்கிலாந்துக்குச் சொந்த மைதானம், எதிரில் மேற்கு ஜெர்மனி, 2-2. ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது, கோடு தாண்டியதா இல்லையா? ஸ்விஸ் நடுவர் டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை, நேராக லைன்ஸ்மேன் பஹ்ரமோவிடம் ஓடிப்போய்க் கேட்டார், அவர் கோல் என்றார், இங்கிலாந்து கடைசியில் 4-2 என்று ஜெயித்தது. ஜெர்மனி ரசிகர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் ரெஃபரி, ஆனால் அன்று கேட்டவர் அவர், சொன்னவர் கோட்டில் நின்றவர். 1891க்கு முன்பிருந்த முறை அப்படியே தலைகீழ்.

வீடியோவைப் பார்த்துக் கள நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆரிலும் அதே தலைகீழ்தான். 2018 உலகக் கோப்பையிலிருந்து பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்த இந்த ஏற்பாட்டில், கூட்டத்தின் சத்தம் எட்டாத அறையில் ஒருவர் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பழைய ரெஃபரியைப் போல வெளியே இருப்பவர் அவர். ஆனால் தீர்ப்பு அவருடையது இல்லை. தெளிவான, வெளிப்படையான பிழை என்று தோன்றினால் களத்தில் இருப்பவரிடம் சொல்லலாம், திரையில் பார்த்து முடிவெடுப்பது களத்தில் இருப்பவர்தான், அதுவும் அத்தனை ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது. சத்தமில்லாத அறையும் பிழைக்கு மருந்தில்லை. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோல் ஆஃப்சைடு என்று போனது, களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அறையில் இருந்தவர் தவறாக நினைத்துக்கொண்டு சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டதால்.

எழுதும்போது எதை எப்படிப் போடுவது என்றால், ரெஃபரிக்கு நடுவர் போதும், குழப்பம் வரும் இடத்தில் மட்டும் கள நடுவர். லைன்ஸ்மேனுக்குத் துணை நடுவர், ஆங்கிலத்திலேயே 1996இல் அப்படி மாற்றிவிட்டார்கள். வி.ஏ.ஆருக்குக் காணொளித் துணை நடுவர். அதில் 'துணை'யை விட்டுவிடாதீர்கள், விட்டால் தீர்ப்பே அவர் கையில் இருப்பதாக அர்த்தமாகிவிடும்.